இரண்டு முழத்துக்குச் சொந்தக்காரர்

நடு சாருடைய மேசையைப் பார்த்தால் போதும், அவருடைய பிழைப்பு புரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், டயாலிசிஸ் பிரிவின் வாசலை ஒட்டி அது கிடக்கிறது. வாசலுக்கு இந்தப் பக்கம் அரசாங்கத்தின் சிமென்ட் தரை, அந்தப் பக்கம் கம்பெனி அறக்கட்டளை போட்ட வழுவழுப்பான டைல்ஸ். டைல்ஸ் கொஞ்சம் உயரம். மேசையின் முன்கால் இரண்டும் டைல்ஸில், பின்கால் இரண்டும் சிமென்ட்டில். அதனால் பேனாவை எங்கே வைத்தாலும் உருண்டு வந்து அவர் மடியில் விழும். பின்காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும்தான். ஆனால் தரை அரசாங்கத்துடையது, மேசை கம்பெனியுடையது, அட்டையை யார் வைப்பது? இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொள்வார்.

ஏற்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. அதற்கு முன்னால் சிறுநீரகம் பழுதானவர்கள் விடியுமுன் பஸ் பிடித்துத் தூரத்து நகரத்துக்குப் போய், ஊசி குத்திய கையோடு நின்றுகொண்டே திரும்பி வந்தார்கள். பாதிப் பேர் சலித்துப்போய் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்திடம் கட்டடம் இருந்தது, இயந்திரம் இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையிடம் இயந்திரம் இருந்தது, இடம் இல்லை. இரண்டும் கைகோத்தன. கட்டடம், கரண்ட், தண்ணீர் அரசாங்கத்தின் பொறுப்பு. இயந்திரம், சுத்திகரிப்புக் கருவி, மருந்து, டெக்னீஷியன்கள் அறக்கட்டளையின் பொறுப்பு. நல்ல காரியம். எத்தனையோ பேர் இன்றைக்கு எழுந்து நடமாடுகிறார்கள் என்றால் அதனால்தான்.

ஆனால் இரண்டு பெரிய ஆட்கள் கைகோத்தால், கோத்த இடத்தில் யாராவது சின்ன ஆள் மாட்டிக்கொண்டு நசுங்கத்தானே வேண்டும்? மாட்டியவர் இவர். ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் குமாஸ்தாவாக இருந்தவரை, "ரெண்டு பக்கமும் பேசுறதுக்கு ஒரு ஆள் வேணும், கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ஆறு வருஷமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் அரசாங்கத்து ஆள் என்று நினைத்தார்கள். லீவு கேட்டால் இவர்கள் அவர்களைக் கேட்கச் சொல்வார்கள், அவர்கள் இவர்களைக் கேட்கச் சொல்வார்கள். கடைசியில் லீவு கேட்பதையே விட்டுவிட்டார். நடுவில் உட்கார்ந்திருப்பதால் நோயாளிகள் "நடு சார்" என்று கூப்பிட ஆரம்பித்து, அந்தப் பெயரே நிலைத்துப்போனது.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். மனைவியின் அண்ணன், காலமெல்லாம் லாரி ஓட்டியவர், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் திரிந்துவிட்டு, உடம்பு விழுந்ததும் தங்கை வீட்டு முன்னறையில் வந்து கட்டில் போட்டுக்கொண்டவர். சாயங்காலம் நடு சார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்து குரல் வரும்.

"வாய்யா ரெண்டுங்கெட்டான்! இன்னிக்கு எந்தப் பக்கம் அடி வாங்கினே?"

"ரெண்டு பக்கமும்தான் மச்சான்."

"எனக்கு ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு, உனக்கு ரெண்டுங்கெட்டுப்போச்சு. என் தங்கச்சி கொடுத்து வெச்சவ!"

மச்சானுக்கு செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அங்கே அவருடைய கட்டில் ஜன்னலோரம். இயந்திரம் ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பிவிடும் அந்த நான்கு மணி நேரமும் டெக்னீஷியன் பெண்ணிடம் லாரிக் கதை அளந்துகொண்டிருப்பார். அந்தப் பெண்ணும் அவரை "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக் கிண்டலடிப்பாள். வெளியே, சரிந்த மேசையில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்பதுதான் நடு சாருக்கு அந்த உத்தியோகத்தில் கிடைத்த ஒரே சுகம் என்று சொன்னால் மிகையில்லை.

இனி, குழாய் விஷயத்துக்கு வருகிறேன்.

டயாலிசிஸ் என்றால் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை, பல தடவை வடிகட்டிய தண்ணீர், அதுவும் தொட்டி தொட்டியாக. ஒப்பந்தத்தின்படி அரசாங்கம் கட்டடத்தின் பின்சுவர் வரைக்கும் குழாய் கொண்டுவந்து, திறந்து மூட அழகாக ஒரு திருகு வைத்து முடித்தது. ஒப்பந்தத்தின்படி அறக்கட்டளை தன்னுடைய தொட்டியைக் கொண்டுவந்து, அழகாக ஒரு வாய் வைத்து நிறுத்தியது. திருகுக்கும் தொட்டியின் வாய்க்கும் நடுவில் இரண்டு முழம் வெறும் காற்று. இரண்டு தரப்பும் சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்தார்கள். அந்த இரண்டு முழத்தை ஒருவரும் சொல்லவில்லை. திறப்பு விழா அன்று காலையில், பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மைக் சோதித்த பிறகுதான் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. நடு சார் ஓடினார். இரும்புக் கடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ரப்பர் குழாயில் ஒரு துண்டு வாங்கி வந்து, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் ஓடியது, விழா நடந்தது, ஒத்துழைப்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்.

அந்தப் பச்சைக் குழாய்தான் ஆறு வருஷமும். வெயிலில் வெடித்தால் நடு சார் புதிதாக ஒரு துண்டு வாங்கி மாட்டுவார். எப்படியும் அதற்கு அப்புறம்தான் சுத்திகரிப்பு என்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. எல்லோருக்கும் அது தெரியும். அதே சமயம் யாருக்குமே தெரியாது. உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு திங்கட்கிழமை தர ஆய்வுக்கு ஆள் வந்தார். இரண்டு தரப்பும் சேர்ந்தே வரவழைத்த ஆள். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவர், பின்பக்கம் வந்து பச்சைக் குழாயின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரோடது?"

அரசாங்கத்து இன்ஜினியர் நிமிர்ந்து நின்றார். "எங்களோடது இல்ல சார். எங்க வேலை அந்தத் திருகோட முடிஞ்சுது."

அறக்கட்டளையின் மேலாளர் அம்மா அதைவிட நிமிர்ந்து நின்றார். "எங்களோடது தொட்டியில இருந்துதான் ஆரம்பம்."

இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பெருமை! பரீட்சையில் ஒரு தப்பும் பண்ணாத பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். நடு சாரும் அங்கேதான் நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த இடத்தில் அவர் எப்போது வாயைத் திறந்தாலும் அந்த வேலை அவர் தலையிலேயே வந்து விழும். களைத்துப்போன மனுஷன், மென்று முழுங்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

சொந்தக்காரன் இல்லாத குழாய் வழியாக நோயாளிக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று சொல்லி, ஆய்வுக்காரர் அதை வெட்டி எடுக்கச் செய்தார். தொட்டியின் வாயை மூடி சீல் வைத்தார். சரியான குழாய் போட்டு, இன்னார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சீலை எடுக்கலாம். அவர் மேல் தப்பில்லை. அவர் செய்ததுதான் முறை. அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீரில் திங்கட்கிழமைக்காரர்கள் முடித்துக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமைக்குத் தொட்டி காய்ந்துவிட்டது.

செவ்வாய் காலையில் மச்சானைப் பாதி வழியிலிருந்தே திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடு சார் இன்ஜினியரைப் பார்க்கப் போனார். இன்ஜினியர் கெட்டவர் இல்லை. ஆறிப்போன டீயும் பாதி கடித்த பன்னுமாக, ஃபைல்களுக்கு நடுவில் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு முழம் பைப்பு சார். ஸ்டோர்ல சும்மாதான் கிடக்கு. நானே வந்து மாட்டிடுவேன். மாட்டினா என்ன ஆகும் சொல்லுங்க? நாளைக்குப் பாசி பிடிச்சா நான். வெடிச்சா நான். எவனுக்காவது குளிர் காய்ச்சல் வந்தா அதுக்கும் நான். எனக்கு முன்னாடி இருந்தவர் பாவம் பார்த்து அவங்க சுவர்ல ஒரு விரிசலைப் பூசிக் கொடுத்தார். இப்போ அந்தச் சுவரே எங்க தலையில. நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

அவர்களிடம் போனார். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை. மேலாளர் அம்மா எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"நான் மாட்டேன்னு சொல்வேனா சார்? எனக்கும் ராத்திரி தூக்கம் இல்ல. ஆனா நாங்க தொட்டா அது எங்களோடது ஆயிடும். அடுத்த தடவை ஒப்பந்தம் போடும்போது, தண்ணியே நீங்கதானே பார்த்துக்கறீங்கன்னு எங்க கழுத்துல கட்டிடுவாங்க. எங்க மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? வர்ற திங்கட்கிழமை கூட்டுக் கூட்டம் போட்டிருக்கோம். அதுல பேசி முடிச்சிடலாம்."

"திங்கட்கிழமையா? அதுவரைக்கும் அவங்க தாங்கணுமேம்மா."

அந்த அம்மாவின் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. ஆனால் கண்ணீரைத் தொட்டியில் ஊற்ற முடியாதே. மற்ற ஊர்களுக்கெல்லாம் அந்த அம்மாவே போன் போட்டுப் பார்த்தார். எங்கேயும் கட்டில் காலி இல்லை. இருந்த ஒன்றிரண்டு இடத்துக்கு, இன்னும் மோசமாக இருந்த இரண்டு பேரை அனுப்பினார்கள்.

புதன்கிழமை விடிந்தபோது மச்சான் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது. முகமும் அப்படித்தான், கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. தண்ணீர் குடிக்கக் கூடாது, நாக்கு வறண்டால் நனைத்துக்கொள்ள ஒரு ஐஸ்கட்டி மட்டும் தருவாள் தங்கை. அதையும் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஏன் மாப்ளே," என்றார் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "எத்தனை... மலை ஏத்தி இறக்கியிருக்கேன் லாரியை. ரெண்டு முழத்துல... மாட்டிக்கிட்டேனே."

"பேசாதீங்க மச்சான்."

"பேசாம... செத்தா எனக்கு மரியாதை இல்ல."

சமையலறையில் மனைவி பாத்திரத்தைத் தொப்பென்று போட்டாள். இவர் உள்ளே போனதும் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா அங்க என்னதாங்க பண்றீங்க? நடுவுல இருக்கேன், நடுவுல இருக்கேன்னு பெருமை வேற! நடுவுல இருக்கிற மனுஷனால ஒரு குழாயை மாட்ட முடியலைன்னா எதுக்கு அந்த நடு? எங்கண்ணன் போயிட்டான்னா, சத்தியமா சொல்றேன், உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அவருக்கு ஆத்திரம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடம்பில் ஆத்திரம் ஊற இடமில்லாத அளவுக்குச் சோர்வு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் பொய் சொன்னார். இன்ஜினியரிடம், "மேலாளர் அம்மா நேர்ல வந்து பார்க்கிறாங்களாம், ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க போலிருக்கு" என்றார். மேலாளர் அம்மாவிடம், "இன்ஜினியர் ஸ்பாட்டுக்கு வர்றார், இறங்கி வந்துட்டார்" என்றார். மத்தியானம் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பின்சுவர் ஓரத்தில், திருகுக்குப் பக்கத்தில் இன்ஜினியர், தொட்டிக்குப் பக்கத்தில் மேலாளர் அம்மா. நடுவில் அந்த இரண்டு முழம்.

"சொல்லுங்க மேடம்" என்றார் இன்ஜினியர்.

"நீங்கதானே சொல்லணும்?" என்றார் அந்த அம்மா.

இரண்டு பேரும் திரும்பி நடு சாரைப் பார்த்தார்கள். பொய் வெளுத்துவிட்டது. அவர் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். நின்று பேச அவருக்குத் தெம்பில்லை.

"என்னோடதுன்னு எழுதிக்குங்க" என்றார்.

"என்ன சார்?"

"இந்த ரெண்டு முழம். அரசாங்கத்தோடதும் இல்ல, அறக்கட்டளையோடதும் இல்ல. என்னோடது. என் சொந்தப் பைப்பு. பாசி பிடிச்சா நான். வெடிச்சா நான். குளிர் காய்ச்சல் வந்தா அதுக்கும் நான். ஆய்வுக்காரருக்கு ஒரு பொறுப்பாளி வேணும், அவ்வளவுதானே? இதோ உட்கார்ந்திருக்கேன். எழுதுங்க. எங்க மச்சானுக்கு மூச்சு விட முடியல."

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆறு வருஷமாக அசையாத இரண்டு தேரும் ஒரே நேரத்தில் உருண்டன. இன்ஜினியர் ஸ்டோருக்குப் போன் போட்டு நல்ல பைப்பாக எடுத்துவரச் சொன்னார். "இது என் சொந்தக் கணக்கு சார், ஆபீஸ் கணக்கு இல்ல" என்று இரண்டு தரம் சொன்னார். மேலாளர் அம்மா தலைமை அலுவலகத்தைப் பிடித்துப் பேசினார். ஆய்வுக்காரர் போனிலேயே கேட்டார்: பொறுப்பாளர் இருக்கிறாரா? இருக்கிறார். முகவரி உண்டா? உண்டு. அப்படியென்றால் சரி. இரண்டு தரப்பும் ஆட்சேபணை இல்லை என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த தாள் அந்த ஆறு வருஷத்தில் அது ஒன்றுதான் என்று பிற்பாடு நடு சார் சொல்வார்.

பிளம்பர் வேலையை முடித்துச் சீலைப் பிய்த்தபோது வெயில் இறங்கியிருந்தது. தொட்டி நிறைந்து, தண்ணீர் வடிகட்டியாகி, குழாய்களைக் கழுவி விட்டு, டெக்னீஷியன் பெண் பரிசோதித்துத் தலையசைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அவளுடைய வேலை நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. "மாமாவைக் கொண்டு வாங்க சார், நான் போகல" என்றாள்.

சக்கர நாற்காலியில் வந்த மச்சான் உடம்பில் தண்ணீர் தேங்கிக் கல்லாகக் கனத்தார். எடை பார்த்து அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். ஊசி ஏற்றியதும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. மணிக்கணக்கில் சுற்றியது. மனைவி அண்ணனின் காலைப் பிடித்தபடி நின்றாள். நடு சார் வெளியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பேனா உருண்டு மடியில் விழுந்தது. எடுக்கவில்லை. பேச்சுச் சத்தம் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தது.

"ஏய் ரெண்டுங்கெட்டான்! இங்க வா. இது யாரோட தண்ணின்னு சொன்னா இந்தப் பொண்ணு? உன் சொந்தப் பைப்பாமே? தங்கச்சியைக் கொடுத்தப்போ ஒரு ஓட்டு வீடு கூடக் கிடையாதுன்னு சொன்னே. இப்போ பெரிய சொத்துக்காரன் ஆயிட்டியே!"

நடு சார் வாசலில், பாதி சிமென்ட்டிலும் பாதி டைல்ஸிலும் நின்று அழுதார். கூச்சப்படாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். மனைவி முந்தானையைக் கொடுத்தாள்.

மச்சான் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு விடிகாலையில் தூக்கத்திலேயே போனார். அது இதயம், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜன்னலோரக் கட்டிலுக்கு மறுநாளே வேறொருவர் வந்துவிட்டார், அதற்குத்தான் ஆட்கள் காத்திருந்தார்களே. நடு சாருடைய பைப்பு புகழடைந்தது. வெளியூர்க் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. இரண்டு தரப்பும் சேர்ந்து அதற்கு வர்ணம் அடித்தார்கள், பாதி அரசாங்கத்தின் நீலம், பாதி அறக்கட்டளையின் ஆரஞ்சு. மேலே கூட்டு முயற்சி என்று ஒரு பலகை. வர்ணம் அடிக்கும்போது இவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

பிறகு ஓய்வு பெறும் நாள் வந்தது. மேசையை ஒப்படைத்தார், சாவியை ஒப்படைத்தார். பைப்பை ஒப்படைக்க மட்டும் வழியில்லை. இன்ஜினியர் இப்போது வேறொருவர், அவர் சிரித்துக்கொண்டே, "அது உங்க சொத்து சார், நாங்க எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார். மேலாளர் அம்மாவுக்குப் பதிலாக வந்தவரும் அதையேதான் சொன்னார். மாலை போட்டு, கைதட்டி, வாசல்வரை வந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். கட்டிலில் இருந்து ஒரு குரலும் வரவில்லை. அந்த முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டு, "அப்பாடா, இனிமே எவனும் என்னைக் கூப்பிட முடியாது" என்று மனைவியிடம் சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலைச் சாப்பாட்டில் கை வைத்தபோது போன் அடித்தது. டெக்னீஷியன் பெண்.

"நடு சார், மன்னிச்சுக்குங்க. உங்க பைப்பு ஒழுகுது. தொட்டி நிறைய மாட்டேங்குது. இவங்க யாரும் தொட மாட்டேங்கறாங்க."

அவர் போனை வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் முடியாது என்றது. முடியாது என்று சொன்னால் யாரும் அவரை ஒன்றும் செய்துவிட முடியாது. சொல்லிவிடலாமா என்று மனைவியைப் பார்த்தார். இதே மனைவிதான் அன்றைக்கு அந்த நடுவையே காறித் துப்பாத குறையாகத் திட்டியவள். அவள் எழுந்து போய், பரண் மேலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து, துணியால் துடைத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றாள். "அங்க எவளோட அண்ணனோ படுத்திருப்பான்."

அவர் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கழுவினார்.